போர்டில் இருக்கும் பிள்ளை

ஆகஸ்ட் 7, புதன்

ஜெனிபர் டீச்சர் கேட்டுக்கொண்டதற்காக இதை எழுதுகிறேன். எனக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு 'வருக வருக', 'கண்ணீர் அஞ்சலி' இந்த இரண்டோடு சரி. கோவில்பட்டியில் பதினெட்டு வருடமாக ப்ளெக்ஸ் போர்டு டிசைன் செய்து அடித்துக் கொடுக்கிறேன். பால்வண்ணன் அடித்த போர்டு என்றால் தூரத்திலிருந்தே தெரியும் என்பார்கள். முகமெல்லாம் அப்படிப் பளிச்சென்று இருக்கும்.

டீச்சர் புதன்தோறும் என் மகள் சங்கரியின் பள்ளிக்கு வருகிறவர். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்று உள்ள டீச்சர். சங்கரிக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. பிறக்கும்போதே இடது கை முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடையோடு நின்றுவிட்டது. அதற்குக் 'குட்டிக்கை' என்று அவளே பெயர் வைத்திருக்கிறாள்.

"சார், பிள்ளை தானா என்ன செஞ்சா, நீங்க என்ன செஞ்சு குடுத்தீங்க, ரெண்டையும் அன்னன்னைக்கு எழுதுங்க. அம்மா வேண்டாம், நீங்க எழுதுங்க" என்றார் டீச்சர். ஏன் நான் என்று கேட்டதற்குச் சிரித்தார். சிரித்தால் என்ன அர்த்தம்? இங்க் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

தானாகச் செய்தது: தலை சீவினாள், வகிடு கோணல். டிபன் பாக்ஸைக் குட்டிக்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு திறந்தாள். நான் செய்தது: ஷூ லேஸ் கட்டிவிட்டேன். கட்டத் தெரியும் அவளுக்கு, நேரமாகிறதே என்று நான் கட்டினேன். பள்ளிக்கூட வாசல் வரை கூடவே போனேன். அவளுக்கு இடப்பக்கமாக நடப்பது என் வழக்கம். வண்டி வாசி போகிற ரோடு.

ஆகஸ்ட் 8, வியாழன்

தானாக: எல்லாம். நான்: ஒன்றுமில்லை. பேனாவுக்கு ரீபிள் மாற்றினேன். இதையெல்லாமா எழுதுவது?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையிலேயே வீட்டில் பஞ்சாயத்து. சங்கரி அவள் அம்மா ஆவுடையின் ஸ்டிக்கர் பொட்டு இரண்டை எடுத்து, காது மடலுக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"எப்பா, எங்க கிளாஸ்ல காது குத்தாத ஒரே பொம்பளைப் பிள்ளை நான்தான். நீங்க குத்தலன்னா கடையில இருக்க ஸ்டேப்ளரை எடுத்து நானே குத்திக்கிடுவேன், பாத்துக்கோங்க."

ஆவுடை அடுப்படியிலிருந்தே பிடித்துக்கொண்டாள். "கேளுட்டி, நல்லாக் கேளு. ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்கு."

சாக்கெல்லாம் ஒன்றும் இல்லை. முதலில் ஆவுடையின் தம்பி இசக்கிராஜா துபாயில் இருந்தான். தாய்மாமன் மடியில் உட்காராமல் எப்படிக் காது குத்துவது? அப்புறம் கொரோனா. அப்புறம் குலசாமி கோயிலில் திருப்பணி. அதற்குப் பிறகும் ஏதோ ஒன்று. எல்லாம் உண்மையான காரணங்கள், யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

"கோயில்ல வச்சு நாலு பேரோட முடிச்சுருவோமே" என்றேன். அவ்வளவுதான், ஆவுடை கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"உங்க அக்கா மகளுக்கு மண்டபம் பிடிச்சு, போர்டு வச்சு, எரநூறு எலை போட்டோம்லா? எம்மகளுக்கு மட்டும் நாலு பேரா?"

செப்டம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, மண்டபம் என்று முடிவாகிவிட்டது. சங்கரிக்குக் காது குத்துவதைவிடப் போர்டின் மேல்தான் கண்.

"எவ்ளோ பெருசுப்பா?"

"இருபதுக்குப் பத்து."

"அதுல என் மூஞ்சி மட்டும்?"

"நம்ம வீட்டுக் கதவளவு இருக்கும்."

ஊருக்கெல்லாம் சொல்லப்போகிறேன் என்று தெருவுக்கு ஓடினாள்.

ஆகஸ்ட் 14, புதன்

டீச்சர் டைரியை வாங்கிப் படித்தார். 'நான் செய்தது' என்று எழுதியிருந்ததில் பாதிக்கு அடியில் சிவப்புக் கோடு. ஐந்தாம் வகுப்புப் பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"சாயந்திரம் உங்க கடையிலதான் இருப்பாளாமே? முன்னாடி உக்காருவாளா சார்? கஸ்டமர்கிட்ட நல்லாப் பேசுவாளே."

"உள் ரூம்ல இருப்பா டீச்சர். முன்னாடி வெயில் அடிக்கும்."

கடை வடக்குப் பார்த்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தொழில் ரகசியம் ஒன்றை எழுதுகிறேன், தப்பில்லை. போர்டுகளில் கும்பிட்டபடி நிற்கிறவர்களில் பாதிப் பேர் கும்பிட்டவர்களே இல்லை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொடுத்துவிட்டு, 'கும்பிடுற மாதிரி போட்டுரு' என்று போய்விடுவார்கள். கம்ப்யூட்டரில் 'உடம்பு' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை. தலை மட்டும் இருக்காது. வந்த தலையை ஒட்டினால் ஆள் தயார். அந்த உடம்பு என்னுடையதுதான். இந்த ஊர்க் கல்யாண வாசல்களில் உங்களைக் கும்பிட்டு வரவேற்பது பெரும்பாலும் என் கைகள்.

இன்று சங்கரியைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் போர்டுக்குப் போட்டோ எடுத்தேன். அரக்குப் பாவாடை, மஞ்சள் சட்டை. ஆவுடை தைத்தது, ரெடிமேட் கம்பெனியில் நைட்டி தைக்கிற கை, ஒரு மடிப்புப் பிசகாது. குட்டைக் கை வைத்த சட்டை. முழுக்கை வைத்திருக்கலாமே என்று கிளம்பும்போது ஆவுடையிடம் சொன்னேன். இந்த வேக்காட்டிலா என்று ஒரு பார்வை பார்த்தாள்.

"பரதநாட்டியம் மாதிரி ஒரு கையை இடுப்புல வச்சு நில்லும்மா. இன்னொன்னு பின்னால இருக்கட்டும்."

"வாசல்ல நிக்கிறவ வணக்கம்தானப்பா சொல்லணும்? ஆடிக்கிட்டா இருப்பாக?"

வலது உள்ளங்கையைக் குட்டிக்கையின் நுனியோடு சேர்த்து வைத்து, தலையை லேசாகச் சாய்த்து நின்றாள். பள்ளியில் தினமும் பிரேயரில் அப்படித்தான் நிற்பாளாம். பதினாலு படம் எடுத்தேன். அவளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்து, ஒன்பதாவதைத் தொட்டுக் காட்டினாள்.

"இதான். இதுல பல்லு அளவாத் தெரியுது."

நல்ல படம்தான். சும்மா சொல்லக்கூடாது, சிரித்தால் அப்படியே என் அம்மா.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மத்தியானம் கடையில் கூட்டமில்லை. சங்கரி போர்டை எடுத்து வைத்து வேலை பார்த்தேன். பின்னணிக்குத் தாமரைக்குளம், இரண்டு பக்கமும் யானை. இசக்கிராஜாவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டேன், துபாய் போய் வந்தவனாயிற்றே.

அப்புறம் சும்மா எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமே என்று சங்கரியின் வலது கையை மட்டும் வெட்டி எடுத்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி, இடப்பக்கம் பொருத்தினேன். அவள் கைதானே அதுவும்? வேறு யார் கையையும் கொண்டுவந்து ஒட்டவில்லை. நிழலைச் சரிசெய்து, மூட்டு தெரியாமல் தேய்த்துவிட்டேன். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சிரிக்கிறாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். டீ ஆறிப்போனது.

வெளியூரிலிருந்து முதல் தடவையாகப் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் இருப்பார்கள். வாசலிலேயே 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டிக்கொண்டு நுழைந்தால் கஷ்டம் யாருக்கு? பிள்ளைக்குத்தானே? அவளுக்காகத்தான். வழுக்கைத் தலைக்கு முடி வைக்கிறேன், விரலிடுக்கில் இருக்கிற சிகரெட்டை எடுக்கிறேன், செத்துப்போனவர்களைச் சிரிக்க வைக்கிறேன். அதற்கெல்லாம் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

வாட்ஸ்அப் அழைப்பிதழுக்கும் அதே படத்தையே வைத்து என் பக்கத்துச் சொந்தம், ஆவுடையின் வெளியூர்ச் சொந்தம் எல்லாருக்கும் நானே அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

போர்டு அடித்தாயிற்று. சுருட்டிக் கடையிலேயே வைத்திருக்கிறேன். ஆவுடை பார்க்கணும் என்றாள். மண்டபத்தில் பார்த்துக்கோ என்றேன். அவளுடைய பழைய பட்டன் போனில் அழைப்பிதழ் தெரியாது.

செப்டம்பர் 8, ஞாயிறு

விழா நல்லபடியாக முடிந்தது. கால் வலி.

செப்டம்பர் 9, திங்கள்

நேற்று அலுப்பில் எழுத முடியவில்லை. கூட்டம் எதிர்பார்த்ததற்கு மேல். கத்தரிக்காய்க் கூட்டு பற்றாமல் போய்க் கடைசிப் பந்திக்கு அப்பளமாக அடுக்கிச் சமாளித்தோம். அவியல் பிரமாதம். சமையல்காரர் சங்கரன்கோவில் பக்கம், அடுத்த விசேஷத்துக்கும் அவரைத்தான் சொல்லவேண்டும்.

சங்கரி இசக்கியின் மடியில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். காது குத்தும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவள் மாமாதான் அழுதான், எருமை மாடு மாதிரி இருந்துகொண்டு. மேடையில் அவன் போர்த்திவிட்ட பொன்னாடையைச் சங்கரி கடைசிவரை எடுக்கவே இல்லை. ஒரே வி.ஐ.பி. தோரணை! "வேர்த்து ஊத்துது, எடுட்டி" என்று ஆவுடை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மாட்டேன் என்று இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பொன்னாடை என்றால் அவ்வளவு பிரியம்.

போர்டை எல்லாரும் பாராட்டினார்கள். சங்கரியும் பார்த்தாள். நல்லாருக்குப்பா என்று அவள் வாயாலேயே சொன்னாள். ஆவுடை ஒன்றும் சொல்லவில்லை. பந்தி பார்க்கிற வேலை இருந்தது அவளுக்கு.

தானாகச் செய்தது: வாசலில் நின்று பன்னீர் தெளித்தாள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 11, புதன்

சங்கரி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். கோவில்பட்டியில், இந்த வெயிலில். கேட்டால் குளிருது என்கிறாள். இடது கையின் தொங்கலை ஸ்வெட்டர் பைக்குள் செருகிக்கொள்கிறாள். தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை.

மத்தியானம் டீச்சர் போன். "சார், வீட்ல ஏதும் நடந்துச்சா? கணக்குப் போடக் கரும்பலகைக்குக் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்கா. ஸ்கேலைக் குட்டிக்கையால அழுத்திப் பிடிச்சு அவ போடுற கோட்டைத்தான் நான் மத்த பிள்ளைகளுக்குக் காட்டுவேன். இன்னைக்கு 'கை வலிக்குது'ன்னுட்டா. எந்தக் கைன்னு கேட்டேன். 'அதுதான்'ங்கா. டைரியக் கொஞ்சம் குடுத்துவிடுறீங்களா?"

கடையில் வைத்து மறந்துவிட்டேன் என்று சொன்னேன். டைரி மடியில்தான் இருந்தது.

சாயந்திரம் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டுக் கொட்டகைக்கு மேலே போடப் போர்டைக் கேட்டு வந்தார். விழா முடிந்தால் யாராவது கேட்பார்கள், கொடுப்போம், அது வழக்கம்தான். சங்கரி ஓடிவந்து மறித்தாள்.

"குடுக்காதீங்கப்பா. அவ நல்லாருக்கா. வீட்லயே இருக்கட்டும்."

அவ யாரு என்று நான் கேட்டிருக்கவேண்டும். போர்டைச் சுருட்டி உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஆவுடை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. 'உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு', 'உங்கப்பாகிட்ட கேஸ் முடிஞ்சுட்டுன்னு சொல்லு'. அவ்வளவுதான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இனிமேல் இந்த டைரியை டீச்சரிடம் காட்டப்போவதில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

விழா போட்டோ எடுத்தது நண்பர் பரமன். ஆல்பம் டிசைன் என் பொறுப்பு. இன்று உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு படத்தையும் வரிசையாகத் திறந்தேன். எடுத்த நேரம் ஒவ்வொன்றிலும் இருக்கும்.

9.14. மண்டப வாசலில் சங்கரி, குட்டிக்கையை நெற்றிக்கு மேலே வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு யாரையோ கூப்பிடுகிறாள். 9.22. மாலையைக் குட்டிக்கையில் வளையமாட்டம் மாட்டிச் சுற்றுகிறாள், இசக்கி பிடுங்கப் பார்க்கிறான். 9.31. பன்னீர்ச் செம்பைக் குட்டிக்கைக்கும் இடுப்புக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு யார் மொட்டைத் தலையிலோ தெளிக்கிறாள். எல்லாப் படத்திலும் பல் தெரிகிறது.

சட்டம் அடிக்கிறவர்கள் தாமதமாக வந்ததால் போர்டு ஏறியது ஒன்பதே முக்காலுக்கு. 9.48 படத்தில் முதுகு மட்டும் தெரிகிறது. போர்டுக்கு முன்னால் அண்ணாந்து நிற்கிறாள். பரமன் அழகாக இருக்கிறதே என்று எடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு இருநூற்று எழுபது படம். ஒன்றில்கூடக் குட்டிக்கை இல்லை. தூணுக்குப் பின்னால், மாமாவின் முதுகுக்குப் பின்னால், அம்மாவின் முந்தானைக்குள், பொன்னாடைக்குள். இரண்டு தடவை தேடினேன். நான் எத்தனை போர்டில் எத்தனை பேரின் குறைகளை மறைத்திருப்பேன்! இவ்வளவு சுத்தமாக எனக்கு வராது.

9.48க்கு அவளோடு நானும் நின்றேன். படத்தில் நான் இல்லை, ஆனால் இருந்தேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்பா, இது என் வலது கைதான? பெருவிரல் மச்சம் ரெண்டுலயும் இருக்கு."

மச்சத்தை எடுக்க மறந்திருக்கிறேன். பதினெட்டு வருட அனுபவம். முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. "அது டிசைன்மா" என்றேன். அவள் இன்னொரு தடவை போர்டைப் பார்த்தாள். "நல்லாருக்குப்பா" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆவுடையின் சிவகிரிச் சித்தி அப்போதுதான் ஆட்டோவை விட்டு இறங்கி வந்தார். சங்கரியை முன்னே பின்னே பார்த்தவர் இல்லை, வாட்ஸ்அப்பில் வந்த படம்தான். செம்போடு நின்றவளைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். மறுபடி இவளைப் பார்த்தார். கெட்ட மனுஷி இல்லை, உண்மையாகவே வித்தியாசம் தெரியாமல்தான் கேட்டார்.

"ஏட்டி, போர்டுல இருக்க பிள்ளை எங்க?"

சங்கரி செம்பைக் கீழே வைத்தாள்.

"அவ உள்ள இருக்கா."

சித்தி உள்ளே போய்விட்டார். மூன்றடி தள்ளி நான் நின்றுகொண்டிருந்தேன். 'இவதான் சித்தி, இவதான் எம்மக' என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தால் போதும். பின்னாலேயே நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். வாங்க வாங்க என்று அவர்களைக் கும்பிடப் போய்விட்டேன்.

வெட்கங்கெட்ட மனுஷன் நான்.

செப்டம்பர் 16, திங்கள்

சங்கரி பள்ளிக்குப் போனதும் ஆவுடை தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"எட்டு நாளா நீங்களே வாயத் தொறப்பீகன்னு பாத்தேன்."

"அவ நல்லதுக்குத்தான் ஆவுடை..."

"அவ கேட்டாளா? எம்புட்டுப் பெருசா இருக்கும்னுதானே கேட்டா? கை வேணும்னு கேட்டாளா?"

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"அவ பொறந்தன்னைக்கு ஆஸ்பத்திரியில, உங்க அக்கா உள்ள வாரதுக்கு முன்னால துண்டை இழுத்து அந்தக் கைய மூடுனீக. நான் முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். சரி, பயந்துட்டாக, போகப் போகச் சரியாகிரும்னு இருந்தேன். ரோட்டுல எப்பப் பாத்தாலும் அவளுக்கு இடப்பக்கமா நடக்கீக. வண்டி வாரது வலப்பக்கம். அதையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவளுக்குத் தெரியலையே, அது போதும்னு இருந்தேன்."

"ஆவுடை..."

"கை இல்லங்கது அவளுக்குப் பொறந்ததுல இருந்தே தெரியும். அதுக்கு வெக்கப்படணும்ங்கது இப்பத்தான் தெரியும். யாரு சொல்லிக் குடுத்தா? ரோட்டுல போறவனா சொல்லிக் குடுத்தான்?"

அவள் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். அழவில்லை. சங்கரியின் மாற்று ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போடப் போனாள். பிள்ளை நாளைக்கும் கேட்பாளே என்றாள்.

நினைத்துப் பார்த்தால் துண்டை இழுத்தது ஞாபகம் இருக்கிறது. மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஒன்பதாவது படத்தை, தொடாமல் அப்படியே, புதுப் போர்டாக அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடித்து எங்கே வைக்க? விழாதான் முடிந்துபோயிற்றே. மெஷினை ஆன் செய்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

அவளிடம் என்னவென்று சொல்வது? தப்பாகிவிட்டது என்று சொன்னால் மச்சத்தைச் சொல்கிறேன் என்று நினைப்பாள்.

செப்டம்பர் 18, புதன்

இன்று பள்ளி விட்டதும் வழக்கம்போலக் கடைக்கு வந்தாள். ஸ்வெட்டருக்குள் வேர்த்துக் கழுத்தெல்லாம் உப்புப் பூத்திருந்தது. வந்ததும் நேராக உள் ரூமுக்குப் போகப் பார்த்தாள்.

"இங்கயே உக்காரும்மா" என்று என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். முன்பக்கம், கண்ணாடிக் கதவுக்கு நேராக. உட்கார்ந்தாள். ஆல்பம் பக்கங்கள் திரையில் இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இதுலல்லாம் கை வைக்கலையா?"

"இல்லம்மா."

"வைக்கவே தேவையில்லல்லா?" முகத்தில் ஒரு பெருமை. "எல்லாத்துலயும் நானே மறைச்சுக்கிட்டேன் பாருங்க. முந்நூறு போட்டோவுக்கும் நீங்க எப்படி உக்காந்து கை வைப்பீங்க? கண்ணு வலிக்கும்லா உங்களுக்கு."

ஐயோ, என் வேலையைக் குறைக்கத்தான் பார்த்திருக்கிறாள். நாள் முழுக்க, வேர்க்க வேர்க்க, பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இதற்கு மேலும் ஒரு பொய் சொன்னால் நான் மனுஷனே இல்லை.

"சங்கரி, அப்பா உங்கிட்ட ஒன்னு சொல்லணும். அந்தப் போர்டுல கை வச்சது டிசைனுக்காக இல்ல. அப்பாவுக்கு வெக்கமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"நாலு பேரு உன் கையப் பாப்பாகளேன்னு."

திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. கணக்கில் விடை தப்பினால் எங்கே பிசகியது என்று பார்ப்பாளே, அந்த மாதிரி.

"அம்மாவுக்கும் வெக்கமா இருக்கா?"

"இல்ல."

"மாமாவுக்கு?"

"இல்ல. அவனுக்கு நீன்னா உசுரு."

"ஜெனிபர் டீச்சருக்கு? எங்க கிளாஸ் பிள்ளைகளுக்கு?"

"யாருக்கும் இல்லம்மா."

"அப்ப நீங்க ஒரு ஆள்தானா?"

"ஆமா. நான் ஒரு ஆள்தான்."

"நெஜமா?"

"சத்தியமா."

பெரிய மூச்சாக ஒன்று விட்டாள். "எம்மாடி! நான் எல்லாருக்கும்னு நெனச்சுட்டேன்."

எத்தனை நாளாக அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தாளோ! முகமே மாறிவிட்டது. நாற்காலியை விட்டு இறங்கிப் பையை மாட்டிக்கொண்டாள். டியூஷனுக்கு நேரமாகிவிட்டதாம்.

"ஸ்வெட்டர் வேண்டாம்மா, இங்கயே கழட்டி வச்சுட்டுப் போ" என்றேன்.

"இருக்கட்டும்பா. ரோட்டுல போகும்போது ஏத்தி விட்டுக்கிடுதேன். உங்க முன்னாடி மட்டும் எறக்கி விட்டுக்கிடுதேன். உங்களுக்கு மட்டும்தானே? அது ஒன்னும் கஷ்டமில்லப்பா."

எனக்குச் சர்க்கரை ஆகாது என்று தெரிந்த நாளிலிருந்து என் டம்ளரில் மட்டும் சர்க்கரை போடாமல் காபி கொண்டுவருவாள். அதே குரலில்தான் இதையும் சொன்னாள். வேண்டாம்டா, அப்படி இல்லடா என்று நான் எழுந்திருப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டைத் தாண்டியதும் நின்று, பையைக் கீழே வைத்து, வலது கையால் இடது பக்கத்து ஸ்வெட்டரை முழங்கைக்கு மேலே சுருட்டி ஏற்றினாள். டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். குட்டிக்கையை ஆட்டி அவர்களைக் கூப்பிட்டாள். மூன்று பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நடக்க ஆரம்பித்தவள், போய்வருகிறேன் என்று சொல்ல மறந்துவிட்டோமே என்று நினைத்திருப்பாள் போல, கடைப் பக்கம் திரும்பினாள். கதவுக்குப் பின்னால் நான் நிற்பதைப் பார்த்தாள். சட்டென்று ஸ்வெட்டரை இழுத்து இறக்கிவிட்டுக்கொண்டு, வலது கையைத் தூக்கி எனக்கு டாட்டா காட்டினாள்.